ஒரு ரூபாயை 10,343 ரூபாய்க்கு வாங்கினேன், ஏமாந்தேனா?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோம். எனக்கு வயது 31. தாத்தா விட்டுப்போன கொஞ்சம் வெள்ளிக் காசுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. போன மாதம் ஓர் இணைய ஏலத்தில் 1862ஆம் வருடத்து விக்டோரியா ரூபாய் ஒன்றை எடுத்தேன். ஏலம் 8,400க்கு முடிந்தது. பில் 10,343 ரூபாய்க்கு வந்தது. அடுத்த வாரமே வேறொரு ஏலத்தில் அதே 1862 ரூபாய் 4,600க்குப் போனதைப் பார்த்தேன். மனசே விட்டுப்போச்சு. கோவையில் ஒரு காசு வியாபாரியிடம் காட்டினால், "கழுவுன காசுங்க தம்பி, 4,500 தரலாம்" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? நியாய விலை எது என்று வீட்டில் உட்கார்ந்தபடி எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று: கரூர் ஆற்றில் கிடைத்த ரோமானியக் காசு என்று ஒருவர் வாட்ஸாப்பில் படம் அனுப்பி விலை சொல்கிறார். வாங்கலாமா? என் காசின் படங்களையும் பில்லையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, பாதி ஏமாந்திருக்கிறீர்கள். அதுவும் அடுத்தவர் ஏமாற்றியது இல்லை. நீங்கள் அனுப்பிய ஏல விவரத்தில், படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பழைய மெருகு, மேலே பழுதுபார்த்த தடம்' என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், வருடத்தைப் பார்த்தீர்கள், அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் மண்டியில் சாம்பிளில் இருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்நிறம் பார்க்காமல் விலை எழுதுவீர்களா? காசுக்கு ஒடிக்க முடியாது, அவ்வளவுதான். ஒடிப்பதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் உங்கள் காசையே பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினேன். ராணியின் கன்னமும், முகத்தைச் சுற்றியுள்ள வெறும் பரப்பும் புதுப் பாத்திரம் போல மின்னுகின்றன. ஆனால் எழுத்துகளின் அடிவாரத்திலும், மகுடத்தின் இடுக்குகளிலும் கருப்பு அப்படியே நிற்கிறது. இயல்பாக வயசான காசில் பழுப்பு இப்படி ஒளிந்து நிற்காது. பரப்பு முழுக்க மெல்லிய திரையாகப் படிந்திருக்கும். யாரோ ஒரு நல்ல மனுஷர் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்திருக்கிறார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் முடி போன்ற கீறல்கள் தெரியும், பாருங்கள். அப்புறம் விளிம்பின் உச்சியில், தலைக்கு நேர் மேலே, பல்வரிசை ஒரு கடுகளவு மழுங்கி, அங்கே மட்டும் வெள்ளி வேறு நிறமாக இருக்கிறது. அது வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. உங்கள் காசு எந்தக் காலத்திலோ யாருடைய கழுத்திலோ காசுமாலையாகக் கிடந்திருக்கிறது. எனக்கு அது பிடித்த விஷயம்தான், ஆனால் சேகரிப்பவர்கள் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள். கழுவியதும் பற்றவைத்ததும் சேர்ந்தால், அதே தேய்மானத்தில் உள்ள சுத்தமான காசின் விலையில் பெரும் பங்கு கழன்றுவிடும். கோவைக்காரர் சொன்ன 4,500 அநியாயம் இல்லை. அவர் மறுபடி விற்கவும் வேண்டுமே.

சரி, 4,600க்குப் போன அந்த இன்னொரு காசு? அதையும் உங்கள் காசையும் 'அதே 1862' என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். 1862இல் தொடங்கி 1874 வரைக்கும் ரூபாய்க் காசில் வருடத்தை மாற்றவே இல்லை. பன்னிரண்டு வருடம் அச்சடித்த காசெல்லாம் 1862 என்றே வெளிவந்தது. அதனால் 1862 ரூபாய் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், பொதுவான காசு. ஆனால் அதற்குள்ளே வகைகள் உண்டு. ராணியின் உருவத்தில் இரண்டு அச்சு, பின்பக்கப் பூவேலையில் வித்தியாசம், வருடத்தை ஒட்டி வைத்த புள்ளிகளின் எண்ணிக்கை. அந்தப் புள்ளிகள்தான் காசு உண்மையில் எந்த வருடத்தில் அச்சானது என்பதற்குத் துப்பு. சில புள்ளிக்கணக்கு எங்கும் கிடைக்கும், சிலதுக்குச் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். உங்களுடையது எங்கும் கிடைக்கிற வகை. ஏலத்தில் உங்களை எதிர்த்து 8,000 வரை வந்தவரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். விவரம் தெரியாத இரண்டு பேர் சந்தித்துவிட்டால் போதும், விலை எங்கேயோ போய் நிற்கும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, நியாய விலை. இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: ஏலம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் விலை ஒரு காகிதத்தில் எழுதி முடிந்திருக்க வேண்டும். ஏலம் நடக்கும்போது விலையை முடிவு செய்பவர் வாங்குபவர் இல்லை, மாட்டிக்கொண்டவர்.

காகிதத்தில் என்ன எழுதுவது? வெள்ளிக் காசு என்றால் அடித்தளத்தில் இருந்து தொடங்குங்கள். 1862 ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால், காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை வந்துவிடும். அதற்குக் கீழே நிஜமான காசை விற்க யாருக்கும் அவசியம் இல்லை. அப்படி ஒருவர் விற்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இந்தக் கணக்கு 1939 வரை உள்ள ரூபாய்களுக்குத்தான். 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே கிடையாது. தாத்தா பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் காசுகள் இருந்தால் வருடத்தைப் பார்த்து வேறு வேறாக வையுங்கள்.

அடித்தளத்துக்கு மேலே போவதுதான் அபூர்வத்துக்கும் தரத்துக்கும் உள்ள விலை. அதற்கு விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். ஒருவர் தன் தளத்தில் 25,000 என்று போட்டு மூன்று வருடமாக வைத்திருந்தால், அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் 'மார்க்கெட் விலை' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏலக் கம்பெனிகள் பழைய ஏலங்களின் முடிவுகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கும். நூமிஸ்பிட்ஸ் (NumisBids), ஏசிசர்ச் (acsearch) போன்ற தளங்களில் பல கம்பெனிகளின் முடிவுகளைப் படத்தோடு தேடலாம். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டி இருக்கிறது. உங்கள் காசின் அதே வகை, ஏறக்குறைய அதே தேய்மானம், கழுவாதது என்று ஆறேழு முடிவுகளை எடுங்கள். அதில் மிக உயரத்தில் இருக்கும் ஒன்றையும் அடியில் இருக்கும் ஒன்றையும் தள்ளிவிடுங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் இரண்டு பேர் வீம்பு, கீழே இருப்பது பெரும்பாலும் படத்தில் தெரியாத குறை. மீதி எங்கே கூடி நிற்கிறதோ அதுதான் விலை. நான் இன்றைக்கும் கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். தேதி, வகை, தரம், முடிந்த விலை, படத்தைப் பற்றி ஒரு வரி. ஆறு மாதம் எழுதினால் விலை கையிலேயே வந்துவிடும்.

தரத்தை விவரத்தில் உள்ள எழுத்தை வைத்து எடுக்காதீர்கள். ஒருவர் 'எக்ஸ்எஃப்' (மிக நல்ல தரம்) என்று எழுதுவதை இன்னொருவர் அதற்கு ஒரு படி கீழே 'விஎஃப்' என்பார். விக்டோரியா ரூபாயில் நான் முதலில் பார்ப்பது ராணியின் காதுக்கு மேலே உள்ள முடியையும், உடுப்பின் பூவேலையையும். அங்கே கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல காசு. வழவழவென்று ஒன்றாகிவிட்டிருந்தால் விவரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அது தேய்ந்த காசுதான். படம் ஒன்றே ஒன்று, அதுவும் மங்கல் என்றால், விளிம்பின் படமும் சாய்த்து எடுத்த படமும் கேட்டு எழுதுங்கள். நல்ல கம்பெனி அனுப்பும். அனுப்பாவிட்டால் அந்தக் காசை விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் இன்னொன்று வரும். பொதுவான காசில் அவசரம் என்பதே கிடையாது.

அப்புறம் பில். நீங்கள் 10,343ஐ 4,600ஓடு ஒப்பிட்டு வருத்தப்படுகிறீர்கள், அது தப்புக் கணக்கு. உங்கள் பில்லில் 8,400க்குக் கம்பெனியின் 15 சதவீத கமிஷன் 1,260. இரண்டும் சேர்ந்த 9,660க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 483. கூரியர் 200. அந்த 4,600 காசையும் இதே கணக்கில் போட்டால் 5,754 ஆகிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள். அப்படி வைத்தாலும் நீங்கள் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள், அது வேறு.

இந்தக் கணக்கை முன்னால் இருந்து போடக் கூடாது, பின்னால் இருந்து போட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு காசுக்கு என் வீட்டு வாசலில் வந்து சேர 8,000தான் தருவேன் என்று முடிவு செய்கிறேன். கூரியர் 200ஐக் கழித்தால் 7,800. உங்கள் பில்லின் விகிதப்படி அதை 1.2075ஆல் வகுத்தால் 6,459. ஆக என் கடைசி ஏலத்தொகை 6,450. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்க மாட்டேன். கமிஷன் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை ஏல விதிகளில் படித்துவிட்டு வகுக்கும் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஏலம் என்றால் சுங்கவரியையும் அங்கே இருந்து வரும் தபால் செலவையும் சேர்க்காமல் கணக்கே போடாதீர்கள்.

பெரும்பாலான தளங்களில் உச்சத் தொகையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். எதிரில் ஆள் இல்லாவிட்டால் அது முழுசாகச் செலவாகாது, அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே நின்றுகொள்ளும். நான் பதிந்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் ஒரு கதை இருக்கிறது.

திப்பு சுல்தான் அச்சிட்ட செப்புக் காசுகளில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் காசு அடித்த அக்கசாலையின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். அதில் 'சலாமாபாத்' என்ற பெயர் வரும் காசுகள் நம்ம சத்தியமங்கலத்தில் அடித்தவை என்று கருதப்படுகின்றன. சத்தியில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு காசு ஏலத்துக்கு வந்தது. நோட்டில் எழுதிய விலையை மறந்துவிட்டேன். எதிரில் ஒரு ஆள் விடாமல் மேலே ஏறிக்கொண்டே இருந்தார், நானும் விடவில்லை. கடைசியில் எடுத்தேன், நான் நினைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கு. மறுநாள் காலையில் காந்திபுரத்தில் என் பழைய நண்பருடன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொல்கிறார், "நேத்து ஒரு சத்தி காசுங்க, எவனோ ஒரு கிறுக்கன் விடவே மாட்டேங்கிறான்." கிறுக்கன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். இரண்டு பேரும் ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு, விற்றவருக்குக் காசைக் கொட்டியிருக்கிறோம். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினாலாவது எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். இணைய ஏலத்தில் அதுவும் இல்லை. இப்போது நாங்கள் நாலைந்து பேர் ஏலத்துக்கு முந்தின நாள் போனில் பேசிக்கொள்கிறோம், யாருக்கு எது முக்கியம் என்று. 'நம்மூர்க் காசு' என்ற பாசத்துக்கு ஒரு சின்னத் தொகை கூட வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கதைக்கு விலை கொடுப்பதும் இதே மாதிரிதான். 1911ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிந்தது என்று புகார் எழுந்து, 1912இல் அச்சைத் திருத்தினார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' கதையை வைத்தே விற்பார்கள். கதை உண்மை, ஆனால் காசு தேடினால் கிடைக்கக்கூடியது. ராமர் தர்பார், அனுமார் படம் போட்டு 1616, 1818 என்று வருடம் இட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் 'காசு' என்று வருபவை காசே இல்லை. கம்பெனி அப்படி ஒன்றை அச்சிட்டதே கிடையாது. வைஷ்ணோ தேவி படம் போட்ட பத்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை விட்டது.

போலி ஏலம் கேட்கும் ஆட்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். ஒரே விற்பனையாளரின் பொருள்களில் மட்டும் விலையை ஏற்றிவிட்டு ஒருபோதும் எடுக்காமல் போகும் கணக்கைக் கண்டால் அந்த விற்பனையாளரை விட்டுவிடுங்கள். உங்கள் உச்சத் தொகை காகிதத்தில் இருக்கும்வரை அவர்களால் உங்களுக்குப் பெரிய சேதமில்லை. காசைச் சோதித்துத் தரம் போட்டுப் பெட்டியில் அடைத்துத் தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் கம்பெனிகளின் பெட்டியில் உள்ள காசு என்றால் பெட்டியின் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் இந்தக் காசேதானா என்று ஒத்துப் பாருங்கள். போலிப் பெட்டிகளும் உலவுகின்றன. விலை உயர்ந்த காசுக்குப் பெட்டி நல்லது. ஐயாயிரம் ரூபாய்க் காசுக்குப் பெட்டியின் செலவே காசைத் தின்றுவிடும்.

பார்சல் வந்ததும் உறையைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். அப்புறம் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு 1.13க்குப் பக்கத்தில் காட்டும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 1.3ஐத் தாண்டும். தேய்ந்த காசின் எடை கொஞ்சம் குறைவாக இருக்கும், அப்போது காசின் எடையைத் தராசு காட்டியதால் வகுங்கள். பத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். சோதித்த காசைத் துடைக்காமல் துணியின் மேல் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். போலி என்று தெரிந்தால் ஏல விதியில் உள்ள நாட்களுக்குள் எழுத்தில் கேளுங்கள். போலிக்குப் பொறுப்பேற்கும் கம்பெனிகள்கூடத் தரத்தைப் பற்றிய சண்டைக்குப் பெரும்பாலும் வராது, அதனால்தான் முன்னாலேயே பார்க்கச் சொல்கிறேன்.

கரூர்க் காசுக்கு வருகிறேன். நம் பக்கத்து மண்ணில் ரோமானியக் காசு கிடைப்பது புதுமை இல்லை. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் மட்டும் 522 வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கரூரில் அமராவதி மணலில் ரோமானியச் செப்புக் காசுகளும் சேரர் காசுகளும் கிடைத்திருக்கின்றன. மாக்கோதை என்று பெயர் பொறித்து ரோமானியர் பாணியில் தலை போட்ட சேர வெள்ளிக்காசும் கரூரில் இருந்து வந்ததுதான். ஆனால் அந்த உண்மையை வைத்துத்தான் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு உடையது என்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக அந்த ஆள் சொல்வது நிஜம் என்றால் அது உங்களிடம் வர வேண்டிய காசு இல்லை. பொய் என்றால் அது வார்ப்படப் போலி. இரண்டில் எதுவானாலும் வேண்டாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், நூறு வருடம் தாண்டிய காசுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் 1862 ரூபாயையும் சேர்த்துத்தான். அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது, துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாகக்கூட. ரோமானியக் காசு பார்க்க ஆசை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூர் அருங்காட்சியகம் வரை போய் வாருங்கள்.

உங்கள் கையில் உள்ள காசை 4,500க்கு விற்க வேண்டாம். கழுத்தில் கிடந்த காசை வீட்டில் வைத்துக்கொள்வதில் என்ன குறை. பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள், பச்சை படிந்துவிடும். அட்டைச் சட்டத்தில் வையுங்கள். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தாத்தா பெட்டியில் உள்ளவற்றில் 1862 ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விபூதி எடுக்காமல், அப்படியே, வருடம் உள்ள பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம்.